கண்டங்கள் நகரும் என்றவர், பனியின் ஆழம் தேடிப் போய்த் திரும்பாத கதை: யார் இந்த ஆல்ஃபிரட் வெகனர்?

1930, நவம்பர் 1. கிரீன்லாந்தின் நட்ட நடுவில், மேற்குக் கரையிலிருந்து 400 கி.மீ. உள்ளே, பனியைக் குடைந்து உண்டாக்கிய ஒரு குழிக்குள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு அன்றைக்கு 50-வது பிறந்தநாள். மைனஸ் 50 டிகிரி வரை போன குளிரில் 40 நாள் பயணம் செய்து, இரண்டு நாளுக்கு முன்புதான் அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஐந்து பேருக்கான சாப்பாடும் மண்ணெண்ணெயும் அங்கே இல்லை என்று கணக்குப் போட்டார்கள். பிறந்தநாள் அன்றே அவர் ஒரு துணையோடு திரும்பிக் கிளம்பினார். அதற்குப் பிறகு அவரை யாரும் உயிரோடு பார்க்கவில்லை.

அவர்தான் ஆல்ஃபிரட் வெகனர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த பெயர் மாதிரி இருக்கிறதா? கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, பிறகு பிரிந்து நகர்ந்தன என்று சொன்னாரே, அதே வெகனர்தான். ஆனால் அவர் உயிரைக் கொடுத்தது கண்டங்களுக்காக இல்லை. ‘இந்தப் பனி எவ்வளவு ஆழம்?’ என்ற, கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமான ஒரு கேள்விக்காக.

பிஎச்டி ஒன்று, வேலை வேறொன்று

1880-ல் பெர்லினில் பிறந்தவர் வெகனர். அப்பா மதகுரு, ஆசிரியர். ஐந்து பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. 1905-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். தலைப்பு, வானியல். 13-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் தொகுக்கப்பட்ட கிரக நிலை அட்டவணைகளை, நவீன கணக்கீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் வேலை. முடித்த கையோடு வானியலை விட்டுவிட்டார். மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவது அவருக்கு ஒத்துவரவில்லை. படித்தது ஒன்று, பார்க்கிற வேலை வேறொன்று என்பது இன்றைய ஐடி தலைமுறைக்கு மட்டும் நடக்கிற சமாசாரம் இல்லை.

பட்டம் கையில் வந்ததும் வானிலை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அண்ணன் குர்ட்டும் இருந்தார். 1906-ல் அண்ணனும் தம்பியும் ஒரு பலூனில் ஏறி 52 மணி நேரத்துக்கு மேல் தரையிறங்காமல் மிதந்தார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. அதே ஆண்டு டென்மார்க்கிலிருந்து ஒரு குழு கிரீன்லாந்துக்குக் கிளம்பியது. அதில் வானிலை ஆய்வாளராக வெகனருக்கு இடம் கிடைத்தது.

இரண்டு ஆண்டுகள். வடகிழக்குக் கிரீன்லாந்தில் காற்றாடியும் பலூனும் பறக்கவிட்டு, மேலே காற்றின் வெப்பநிலையை அளந்தார். அந்தப் பயணத்திலேயே, பனி என்ன செய்யும் என்பதையும் பார்த்துவிட்டார். குழுத் தலைவர் மில்யுஸ்-எரிக்சன் இரண்டு தோழர்களோடு வரைபடம் தயாரிக்கப் போனார். மூவரும் பசியிலும் குளிரிலும் செத்துப்போனார்கள். கடைசியாக இறந்தவர் யோர்கன் புரோன்லுண்ட் என்ற கிரீன்லாந்துக்காரர். வரைபடக் குறிப்புகளையும் தன் நாட்குறிப்பையும் மற்றவர்கள் கண்டெடுக்கக்கூடிய இடம் வரை சுமந்துவந்து, அங்கே படுத்து உயிரை விட்டார். அவர் உடலோடு அந்தக் காகிதங்களும் கிடைத்தன. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் 1912-ல் வெகனர் மறுபடி கிரீன்லாந்து போனார். டேனிஷ் நண்பர் கோச், இன்னும் இருவர், ஐஸ்லாந்து மட்டக்குதிரைகள் 16. பனிப்பாளத்தின் மேலேயே ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கினார்கள். அதற்கு முன் யாரும் அப்படித் தங்கியதில்லை. கோச் பனிப்பிளவில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். படுத்த படுக்கையில் மாதக்கணக்கு போனது. அந்த நேரத்தில் துளைகருவி வைத்து 25 மீட்டர் வரை பனியைத் துளைத்து, உள்ளே வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். 1913 கோடையில், கிரீன்லாந்தின் மிக அகலமான பகுதியைக் குறுக்கே கடந்தார்கள். குதிரை ஒவ்வொன்றாகச் செத்தது. கடைசியில் ஆசையாக வளர்த்த நாயையும் கொன்று சாப்பிட வேண்டிய நிலை. ஊர் இருக்கும் இடத்துக்குச் சில கி.மீ. தூரத்தில் தள்ளாடிக்கொண்டு நின்றவர்களை, படகில் வந்த ஒரு பாதிரியார் பார்த்துக் காப்பாற்றினார்.

ஊர் திரும்பிய அதே ஆண்டு எல்ஸேவைக் கல்யாணம் செய்துகொண்டார். உலகின் காலநிலைகளை வகைப்படுத்திய விளாடிமிர் கோப்பெனின் மகள்தான் எல்ஸே.

நடுவில் வந்த கண்டப் பிரச்சினை

இந்த இரண்டு பனிப் பயணங்களுக்கு நடுவே, 1912 ஜனவரியில், ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த புவியியல் கூட்டத்தில் வெகனர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தன என்றார். கரைகள் பொருந்துவது மட்டும் காரணம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாறைகள், ஒரே தொல்லுயிர்ப் படிமங்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று இன்று வெயில் காயும் நாடுகளில்கூடப் பழைய பனியாறுகள் உரசிய தடம். போரில் இரண்டு முறை காயம் பட்டு, ஓய்வில் இருந்த நாட்களில் இதைப் புத்தகமாக எழுதி 1915-ல் வெளியிட்டார்.

அதற்கு முன்னால், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விலங்கு இருந்தால், நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். நம்மூரில் இன்றும் பேச்சில் அடிபடும் ‘லெமூரியா’ அப்படிப் பிறந்ததுதான். 1864-ல் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவில் இருந்திருக்கலாம் என்று ஊகித்த நிலம். நிலமே நகர்ந்தது என்று வந்துவிட்டால் மூழ்கிய நிலத்துக்குப் புவியியலில் வேலை இல்லை.

பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கவில்லை. 1926-ல் நியூயார்க்கில் நடந்த கருத்தரங்கில் கடுமையாகவே தாக்கினார்கள். வானிலைக்காரருக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும் என்ற ஏளனம் ஒரு பக்கம். ஆனால் எதிர்த்தவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று இன்றைக்குச் சொல்வது நியாயம் இல்லை. கண்டங்களை எது தள்ளுகிறது என்பதற்கு வெகனர் காட்டிய விசைகள் உண்மையிலேயே போதாதவை. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் மேற்கே நகர்கிறது என்று பழைய தீர்க்கரேகை அளவீடுகளை வைத்துச் சொன்னார். அது அளவீட்டுப் பிழை. உண்மையான வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான், நம் நகம் வளரும் வேகம். அவர் கருத்து சரி, கணக்கு தப்பு. 1960-களில் கடல்தளம் விரிவதற்கான ஆதாரங்கள் கிடைத்த பிறகே அவர் பக்கம் காற்று வீசியது.

ஜெர்மனியில் அவருக்கு முழுநேரப் பேராசிரியர் பதவி அமையவே இல்லை. 1924-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகம்தான் கொடுத்தது. வானிலை இயலுக்கும் புவி இயற்பியலுக்கும் பேராசிரியர். மூன்று பெண் குழந்தைகள், நல்ல வீடு, நிம்மதியான சம்பளம். நாற்பதைத் தாண்டியாயிற்று. இத்தோடு கதை முடிந்திருக்கலாம்.

பனியின் ஆழத்தை எப்படி அளப்பது?

1920-களின் கடைசி வரை, கிரீன்லாந்துப் பனி எவ்வளவு ஆழம் என்று யாரும் அளந்ததில்லை. எல்லாம் ஊகம். பனிக்கு அடியில் மலையா, பள்ளமா, கடலா? அதுவும் தெரியாது.

அப்போதுதான் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஒரு புது வழி பிறந்தது. நில அதிர்வு ஆய்வில் பெரிய பெயர் எடுத்த எமில் வீஹெர்ட் இருந்த ஊர் அது. அங்கே ஹான்ஸ் மோதஸ் என்ற இளம் ஆய்வாளர் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளின் மேல் வெடிவைத்துப் பார்த்தார். தத்துவம் ரொம்ப எளிது. கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் எத்தனை நொடியில் கேட்கிறது என்று பார்த்து ஆழத்தை ஊகிப்போம் இல்லையா? ஏறக்குறைய அதேதான். பனியின் மேல் வெடிவைத்தால் அதிர்வு அலை கீழே போகும், அடியில் இருக்கும் பாறையில் பட்டு எதிரொலியாக மேலே வரும். பனிக்குள் அந்த அலை நொடிக்குச் சுமார் 3,800 மீட்டர் ஓடும். எதிரொலி வர ஒரு நொடி ஆனால், போக அரை நொடி, வர அரை நொடி. அப்படின்னா ஆழம் 1,900 மீட்டர். அவ்வளவுதான் கணக்கு. கருவியை அசையாமல் வைத்து, மேற்பரப்பிலேயே ஓடிவரும் அதிர்வையும் அடியிலிருந்து வரும் எதிரொலியையும் பிரித்தறிவதுதான் கஷ்டம்.

இந்த முறையைக் கிரீன்லாந்தில் செய்து பார்க்கலாமா என்ற கேள்வி வெகனரிடம் வந்தபோது, அவர் ஒரு முழுத் திட்டத்தையே தீட்டிவிட்டார். ஆழம் தெரிவது அவருடைய பழைய கேள்விக்கும் உதவும். பரிசலில் ஆள் ஏறினால் அது கொஞ்சம் அமிழும், இறங்கினால் மேலே வரும். பனிப்பாளத்தின் பாரத்தில் நிலமும் அப்படித்தான் அமிழ்கிறது. பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டு ஆகியும் ஸ்காண்டிநேவியா இன்னும் மேலே எழுந்துகொண்டிருக்கிறது. அமிழ்ந்து எழும் நிலம், பக்கவாட்டில் ஏன் நகரக்கூடாது? இது வெகனரின் முக்கியமான வாதங்களில் ஒன்று. அதனால் ஆழத்தோடு புவியீர்ப்பு அளவீடும், ஆண்டு முழுக்க வானிலைக் கணக்கெடுப்பும் திட்டத்தில் சேர்ந்தன.

1929-ல் யோஹானஸ் கெயோர்கி, எர்ன்ஸ்ட் சோர்கே, ஃபிரிட்ஸ் லோவே ஆகியோரோடு முன்னோட்டமாகப் போய்வந்தார். பனியில் எதிரொலி முறை பலித்தது. அடுத்த ஆண்டே பெரிய பயணம். மேற்கில் ஒரு முகாம், கிழக்கில் ஒரு முகாம், நடுவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் ‘ஐஸ்மிட்டே’. பனியின் நடு என்று அர்த்தம்.

38 நாள் தாமதம்

1930 ஏப்ரலில் கிளம்பினார்கள். மே மாதம் மேற்குக் கரைக்கு வந்தால், கடல் உறைந்து கிடக்கிறது. கப்பலிலிருந்து இறக்கிய சரக்கைக் குறித்த இடத்துக்குக் கொண்டுபோக வழி இல்லை. பனி விலகுவதற்கு 38 நாள் காத்துக் கிடந்தார்கள். பின்னால் நடந்த எல்லாமே இந்த 38 நாளில் ஆரம்பித்ததுதான். துருவத்தில் கோடை ரொம்பச் சின்னது. ஒரு மாதம் போனால் பாதி ஆண்டு போன மாதிரி.

விமான இன்ஜின் பூட்டிய இரண்டு ஸ்லெட்ஜ் வண்டிகளை வெகனர் ரொம்பவே நம்பியிருந்தார். ஐஸ்மிட்டேவுக்கான வீட்டையும் மற்ற பாரங்களையும் அவைதான் கொண்டுபோக வேண்டும். செப்டம்பரில் பாதி வழியில் புதுப்பனியில் சிக்கித் திணறித் திரும்பிவிட்டன. வீடும் போகவில்லை, ரேடியோவும் போகவில்லை. கெயோர்கியும் சோர்கேயும் ஐஸ்மிட்டேயில் பனியையே குடைந்து அறை செய்துகொண்டார்கள். அதற்கு முன்பே அவர்கள் அனுப்பிய ஒரு கடிதம் வெகனருக்கு வந்திருந்தது. அக்டோபர் 20-க்குள் மண்ணெண்ணெயும் பொருட்களும் வராவிட்டால், முகாமை விட்டு, கையால் வண்டி இழுத்துக்கொண்டு நடந்தே கிளம்பிவிடுவோம் என்பது அதன் சாரம்.

400 கி.மீ. பனியில் நடப்பது என்றால் சாவுதான் என்று வெகனருக்குத் தெரியும். தலைவர் என்ற முறையில் வேறு யாரையும் அனுப்பவும் மனசு வரவில்லை போலும். செப்டம்பர் பிற்பகுதியில் தானே கிளம்பினார். லோவேயும் 13 கிரீன்லாந்துக்காரர்களும் கூட. 15 நாய் வண்டிகள். பருவம் தாண்டிவிட்டது, இது ஆகாது என்று கிரீன்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் வழியிலேயே திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பனியை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். கடைசியில் மிஞ்சியவர் ஒருவர் மட்டும். ராஸ்மஸ் வில்லும்சென். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்.

வண்டி குறையக் குறைய, சரக்கையும் வழியில் இறக்கிக்கொண்டே போனார்கள். அக்டோபர் இறுதியில் மூவரும் ஐஸ்மிட்டே வந்து சேர்ந்தபோது, கொடுப்பதற்கு என்று கையில் அநேகமாக எதுவும் இல்லை. லோவேயின் கால்விரல்கள் உறைந்து கருகிவிட்டன. மயக்க மருந்து கிடையாது. பேனாக்கத்தியால் கெயோர்கி விரல்களை வெட்டி எடுத்தார்.

இந்தக் கதையில் ரொம்ப வலிக்கிற இடம் இதுதான். கெயோர்கியும் சோர்கேயும் முகாமைவிட்டுப் போகும் எண்ணத்தை அதற்குள் கைவிட்டிருந்தார்கள். பனி அறைக்குள் இருப்பதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஆனால் அதைச் சொல்ல ரேடியோ இல்லை. யாரைக் காப்பாற்ற வெகனர் 40 நாள் உயிரைப் பணயம் வைத்து வந்தாரோ, அவர்களுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. அவர் வந்ததால் சாப்பிடும் வாய்தான் கூடியது. இருந்த பொருளை எண்ணிப் பார்த்து, மூன்று பேருக்குத்தான் தாங்கும் என்றார்கள். நடக்க முடியாத லோவே அங்கேயே தங்கினார். வெகனரும் வில்லும்செனும் 17 நாய்களோடு மேற்கே கிளம்பினார்கள். ஐந்து பேருமே தங்கியிருந்தாலும் சமாளித்திருக்கலாம் என்று பிற்பாடுதான் கணக்கு வந்தது. அந்தக் கடிதத்தைப் பற்றி ஜெர்மனியில் பல ஆண்டுகள் சர்ச்சை ஓடியது.

ஆறு மாத மௌனம்

வெகனர் பத்திரமாக மேற்கு முகாமுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று ஐஸ்மிட்டேயில் இருந்தவர்கள் நினைத்தார்கள். மேற்கு முகாமில் இருந்தவர்களோ, திரும்ப நேரமாகிவிட்டதால் ஐஸ்மிட்டேயிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறார் என்று நினைத்தார்கள். ஆறு மாதம் இரண்டு பக்கமும் நிம்மதியாக இருந்தன. 1931 மே மாதத் தொடக்கத்தில், மேற்கிலிருந்து போன குழு ஐஸ்மிட்டேயை எட்டியபோதுதான், அவர் இரண்டு இடத்திலும் இல்லை என்பது தெரிந்தது.

பாதி வழியில், பனியில் நட்டுவைத்த இரண்டு சறுக்குக் கட்டைகளை முன்பே பார்த்திருந்தார்கள். மே 12 அன்று அங்கே தோண்டினார்கள். கலைமான் தோல் விரிப்பின் மேல், தூக்கப்பையின் உறைகளுக்குள் வைத்துத் தைக்கப்பட்டு வெகனர் கிடந்தார். உடலில் குளிர் கடித்த அறிகுறி பெரிதாக இல்லை. கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது இதயம் நின்றிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். நாய் குறைந்ததால் ஒரே வண்டிதான் மிஞ்சியிருந்தது. அதை வில்லும்சென் ஓட்ட, பக்கத்தில் சறுக்குக் கட்டையில் ஈடுகொடுத்து ஓடியிருக்கிறார் 50 வயதுக்காரர்.

அந்த இருட்டிலும் குளிரிலும் தனி ஆளாக, அவ்வளவு பக்குவமாக உடலைத் தைத்துப் புதைத்து, அடையாளமும் வைத்துவிட்டு, வெகனரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு மேற்கே போயிருக்கிறார் வில்லும்சென். 23 ஆண்டுகளுக்கு முன் புரோன்லுண்ட் காகிதங்களைச் சுமந்து வந்தாரே, அதே மாதிரி. ஆனால் இந்த முறை எதுவும் கரை சேரவில்லை. வில்லும்செனும் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் கிடைக்கவில்லை. புத்தகங்களில் வெகனர் பெயருக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூட அந்த இளைஞருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்ன கண்டுபிடித்தார்கள்?

அண்ணன் குர்ட் வந்து பொறுப்பை ஏற்றார். வேலை நிற்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, வெளியே மைனஸ் 60-க்கும் கீழே போன நாட்களில், சோர்கே ஐஸ்மிட்டேயில் சுமார் 15 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகப் பனியின் அடர்த்தியை அளந்தார். மேலே விழும் பஞ்சு போன்ற பனி, பாரம் ஏற ஏற எப்படி இறுகுகிறது என்பதற்கு அதிலிருந்து வந்த விதி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பனியின் மேல்மட்டம் ஓர் ஆண்டில் கூடியதா, குறைந்ததா என்று இன்று செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணக்குப் போடுபவர்களும், பனி இறுகும் விதத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

வெடிவைத்துக் கேட்ட எதிரொலிகள், பனியின் ஆழம் 1,800 மீட்டருக்கும் அதிகம் என்று காட்டின. ஒரு கண்ட அளவு பனிப்பாளத்தின் உள்ளே மனிதர் ஆழம் அளந்தது அதுதான் முதல் தடவை. பிற்பாடு இதே முறையை அண்டார்க்டிகாவுக்கும் கொண்டுபோனார்கள். பிறகு ரேடார் வந்தது. கிரீன்லாந்துப் பனி நடுவில் 3 கி.மீ.க்கும் மேல் தடிமன், அடியில் நிலம் ஒரு கிண்ணம் மாதிரி குழிந்திருக்கிறது, மொத்தமும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும் என்று இன்று சொல்கிறோம். ஆழம் தெரியாமல் இந்த 7 மீட்டர் கணக்கைப் போடவே முடியாது.

ஐஸ்மிட்டேயில் விரல்களை இழந்த லோவே யூதர். ஹிட்லர் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேறி, ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் வானிலை இயல் துறையைத் தொடங்கினார். எல்ஸே கணவரின் கடைசிப் பயணக் குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கி, 100 வயது வரை வாழ்ந்து 1992-ல் காலமானார். கண்டங்கள் நகர்வதை உலகம் ஏற்றுக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். 1980-ல் ஜெர்மனி தன் துருவ ஆய்வு நிறுவனத்துக்குக் கணவரின் பெயரை வைத்ததையும் பார்த்தார்.

வெகனரின் உடலைக் குடும்பம் ஊருக்குக் கொண்டுவரவில்லை. கிடைத்த இடத்திலேயே பனிக்குள் வைத்து, மேலே உயரமான ஒரு இரும்புச் சிலுவையை நட்டார்கள். ஆண்டுதோறும் விழும் பனியில் அந்தச் சிலுவை எப்போதோ மூழ்கிவிட்டது. பனிப்பாளமோ நின்ற இடத்தில் நிற்பதில்லை, மெல்ல மெல்லக் கடலை நோக்கி ஓடுகிறது. அதோடு சேர்ந்து அவரும் மேற்குக் கரைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறார்.